டர்ஹாமின் கல் விலாக்கள்: முதலில் கட்டியது யார், பாரம் தாங்குவது எது?

இங்கிலாந்தின் வடகிழக்கே வியர் ஆறு மூன்று பக்கமும் வளைந்தோடும் பாறை மேட்டின்மேல் டர்ஹாம் பேராலயம் நிற்கிறது. உள்ளே போய் அண்ணாந்து பார்த்தால் கூரையின் அடியில் மூலைக்கு மூலை ஓடும் தடித்த கல் வளைவுகள் தெரியும். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு வளைவுகள் ஒன்றையொன்று வெட்டுகின்றன. அவற்றுக்கு இடைப்பட்ட பரப்பைக் கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் மூடியிருக்கின்றன. விலா எலும்புக்கூடு போலத் தோன்றுவதால் இந்த வளைவுகளுக்கு விலாக்கள் என்றே பெயர் வந்தது.

இந்த விலாக்களைப் பற்றி இரண்டு கேள்விகள் நூற்றெண்பது ஆண்டுகளாகத் தொடர்ந்து கேட்கப்படுகின்றன. இப்படியொரு கூரையை முதலில் கட்டியவர்கள் யார்? விலாக்கள் உண்மையில் எதற்காக? பொறியாளர்கள், கட்டடக் கலைஞர்கள், வரலாற்றாசிரியர்கள், சமயச் சடங்குகளை ஆராய்பவர்கள் எனப் பலரும் விடை சொல்லியிருக்கிறார்கள். பின்னாளில் பாரிஸிலும் ஷார்த்ரிலும் எழுந்த கோதிக் கட்டடக்கலையின் வேர் எங்கே என்ற பெரிய வழக்கும் இதற்குள் அடங்கியிருப்பதால், விடைகளில் நாட்டுப்பற்றும் அவ்வப்போது கலந்தது.

மடமும் அதன் ஆலயமும்

இன்று பேராலயமாக இருக்கும் இக்கட்டடம் இடைக்காலத்தில் பெனடிக்ட் சபைத் துறவியரின் மடாலயமாகவும் இருந்தது. 687இல் இறந்த புனித கத்பர்ட்டின் உடலே அந்த மடத்தின் உயிர்நாடி. லிண்டிஸ்ஃபார்ன் தீவில் அடக்கம் செய்யப்பட்ட அந்த உடலை, வைக்கிங் தாக்குதல்களுக்கு அஞ்சி 875இல் அங்கிருந்து எடுத்துச் சென்றார்கள். பல ஆண்டு அலைந்த பிறகு 995இல் அது டர்ஹாம் மேட்டுக்கு வந்து சேர்ந்தது. நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின், ஆயர் வில்லியம் செயின்ட் கலே 1083இல் அங்கிருந்த குருமாரை நீக்கினார். ஜாரோ, வியர்மவுத் மடங்களிலிருந்து 23 துறவிகளை வரவழைத்துப் புதிய மடத்தை நிறுவினார். 1088இல் அரசனோடு ஏற்பட்ட மோதலால் நார்மண்டிக்கு நாடு கடத்தப்பட்ட அவர், 1091இல் திரும்பியதும் பழைய ஆலயத்தை இடிக்கச் செய்தார். 1093 ஆகஸ்ட் 11 அன்று புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது.

ஆயர் 1096இல் இறந்தார். ஆனாலும் வேலை நிற்கவில்லை. துறவியர் அமர்ந்து பாடி வழிபடும் கிழக்குப் பகுதி 1104க்குள் எழும்பி, புனிதரின் உடல் அங்கே மாற்றி வைக்கப்பட்டது. அடுத்த ஆயர் ரனுல்ஃப் ஃப்ளம்பார்ட் 1128இல் மறைந்தபின் ஐந்து ஆண்டு ஆயர் பதவி காலியாக இருந்தது. அந்த ஐந்து ஆண்டில் துறவியரே நடுக்கூடத்தைக் கட்டி முடித்தார்கள் என்று மடத்தின் வரலாற்றேடு சொல்கிறது. ஆகவே 1093க்கும் 1133க்கும் இடைப்பட்ட நாற்பது ஆண்டில் ஆலயத்தின் பெரும்பகுதி உருவாகிவிட்டது. இடைக்காலத்தில் இவ்வளவு பெரிய கட்டடத்துக்கு இது குறைந்த காலமே.

அந்த நாற்பது ஆண்டுக்குள்ளேயே கட்டுமானம் மாறிக்கொண்டும் இருந்தது. கிழக்குப் பகுதியின் பெருந்தூண்களோடு ஒட்டி மேலேறும் மெல்லிய தண்டுகள் மூன்று மூன்றாக அமைந்திருக்கின்றன. நடுத்தண்டு குறுக்கு வளைவுக்கும், பக்கத்துத் தண்டுகள் மூலைவிட்ட விலாக்களுக்கும் என்று தரையிலேயே திட்டமிட்டதுபோல் தோன்றுகிறது. நடுக்கூடத்தில் அப்படியில்லை. அங்கே பல விலாக்கள், சுவரில் பதித்த முகம் செதுக்கிய தாங்குகற்களிலிருந்து கிளம்புகின்றன. நடுக்கூடத்துக்கு முதலில் மர விதானமே திட்டமிடப்பட்டிருக்கலாம் என்ற ஊகத்துக்கு இது இடம் தருகிறது. வட குறுக்குக்கூடத்தின் விலாக்களில் இல்லாத கோணல்மாணலான கோட்டு அலங்காரம், தென் குறுக்குக்கூடத்திலும் நடுக்கூடத்திலும் வந்துவிடுகிறது. எந்தப் பகுதி முந்தியது, எது பிந்தியது என்று வரிசைப்படுத்த ஆய்வாளர்கள் பிடித்துக்கொண்ட தடயங்கள் இவைதான்.

முதலிடத்துக்கான போட்டி

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் விடை எளிதாக இருந்தது. கோதிக் பிறந்தது பாரிஸைச் சுற்றிய நாட்டில். சுஜே என்ற மடத் தலைவர் 1144இல் முடித்த சான்-தெனி மடாலயத்தின் கிழக்குப் பகுதியே அதன் முதல் பெரும் சாதனை. விலாக் கூரையின் தொடக்கத்தையும் அதே வட்டாரத்துச் சிறு ஆலயங்களில், குறிப்பாக மோரியன்வாலில், தேடினார்கள். மோரியன்வாலின் விலாக்கள் 1120களுக்கு முந்தியவை என்று காட்ட வலுவான சான்று கிடைக்கவில்லை.

1899இல் ஹல் நகரத்துக் கட்டடக் கலைஞர் ஜான் பில்சன் இந்த எண்ணத்தைக் குலுக்கினார். டர்ஹாமின் கிழக்குப் பக்கக்கூடங்களின் விலாக் கூரைகள் 1104க்கு முன்பே எழுந்தவை, நடுக்கூடத்தின் கூரை 1133க்குள் முடிந்தது என்று அவர் வாதிட்டார். அது உண்மையானால் பாரிஸ் வட்டாரம் இருபது முப்பது ஆண்டு பின்தங்கிவிடும். ராபேர் த லாஸ்தேரி என்ற பிரெஞ்சு அறிஞர் இதைக் கடுமையாக மறுத்தார். இவ்வளவு முதிர்ந்த கூரை அவ்வளவு முன்னதாக இருக்க முடியாது, சுவர்கள் பழையவையானாலும் கூரைகள் பிற்காலத்தில் சேர்க்கப்பட்டவை என்பது அவர் வாதம். பில்சன் விடவில்லை. கல்லின் இணைப்பு, சுவரில் பதிந்த தழும்புகள், அலங்கார மாற்றம், வரலாற்றேட்டின் வாசகம் எல்லாவற்றையும் சேர்த்து 1922இல் கூரைகளின் கால வரிசையை விரிவாக வெளியிட்டார். அதன் அடிப்படைச் சட்டகம் இன்றுவரை பெரிதும் நிலைத்திருக்கிறது.

லாஸ்தேரியின் மறுப்பில் ஒரு பலவீனம் தெளிவாகவே தெரிகிறது. முதிர்ச்சி படிப்படியாகத்தான் வரும், எளியது முந்தியது, சிக்கலானது பிந்தியது என்று அவர் முன்கூட்டியே முடிவு கட்டியிருந்தார். ஒரு செல்வந்த மடமும் துணிந்த கொத்தனாரும் சேர்ந்தால் ஒரு தலைமுறையில் நெடுந்தூரம் போக முடியும் என்பதற்கு அவர் சட்டகத்தில் இடமே இல்லை.

பில்சனின் பக்கத்திலும் ஓர் ஓட்டை உண்டு. முதல் கூரை எழுந்த முக்கிய இடமான கிழக்குப் பகுதியின் உயர்கூரை இப்போது இல்லை. அது விரிசல் விட்டு ஆபத்தான நிலையில் இருந்ததால் பதிமூன்றாம் நூற்றாண்டில் எடுக்கப்பட்டு, 1242இல் தொடங்கிய ஒன்பது பீடச் சிற்றாலய வேலையை ஒட்டி வேறு கூரை போடப்பட்டது. பழைய கூரையின் வளைவு சுவரோடு ஒட்டியிருந்த தழும்பு மட்டும் எஞ்சியிருக்கிறது. கல் கூரை இருந்தது என்பதை அது காட்டுகிறது. அதில் விலாக்கள் இருந்தன என்பது தண்டுகளின் அமைப்பிலிருந்து செய்யப்படும் ஊகம். நல்ல ஊகம்தான், ஆனாலும் கல்லாக நம் கண்முன் நிற்கவில்லை.

இன்னும் இரண்டு போட்டியாளர்கள் இருந்தார்கள். மிலான் நகரின் சந்தம்புரோஜோ ஆலயத்தின் கனத்த விலாக்களை டர்ஹாமுக்கு முந்தியவை என்று சிலர் நெடுங்காலம் கருதினார்கள். அமெரிக்க அறிஞர் ஆர்தர் கிங்ஸ்லி போர்ட்டர் விலாக் கூரையின் தாயகமாக லொம்பார்டியையே முன்வைத்தார். அந்தக் கூரையைப் பின்னாளைய ஆய்வாளர்கள் பலர் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கு நகர்த்திவிட்டதால் அந்த உரிமைகோரல் தளர்ந்தது. இரண்டாவது, நார்மண்டியின் லெசே மடாலயம். அதை ஆதரித்த ஒருவர் 1098இல் அங்கே கிழக்குப் பகுதியில் அடக்கம் செய்யப்பட்டதால், அதன் கூரையும் அக்காலத்தது என்றார்கள். ஆனால் ஓரிடத்தில் ஒருவரைப் புதைப்பதற்கு அந்த இடத்தின் கூரை முடிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. 1944இல் பின்வாங்கிய ஜெர்மானியப் படை வைத்த வெடிகளால் லெசே சிதைந்தது. பின்னர் அது அருமையாக மீட்டுக் கட்டப்பட்டது. ஆனால் கல்லை நேரடியாகச் சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு பெரும்பாலும் போய்விட்டது.

கிழக்கிலிருந்து வந்ததா?

விலாக்களை வெட்டிக்கொள்ளும்படி அமைக்கும் பழக்கம் ஐரோப்பாவின் வடக்கில் திடீரென்று முளைத்ததா என்ற கேள்வியும் பழையது. கோதிக் கலைக்குச் சாரசன் (அதாவது இஸ்லாமியக்) கலை என்று பெயரிடுவதே பொருத்தம் என்று லண்டன் புனித பால் பேராலயத்தைக் கட்டிய கிறிஸ்டோஃபர் ரென் கருதினார். ஸ்பெயினின் கொர்தோபா மசூதியில் இரண்டாம் அல்-ஹக்கம் ஆட்சியில், 960களில், ஒன்றையொன்று வெட்டும் விலாக்களால் அமைந்த அழகிய குவிமாடங்கள் எழுந்தன. ஆர்மீனிய மடங்களின் முன்மண்டபங்களிலும் வெட்டிக்கொள்ளும் பெரும் வளைவுகள் உண்டு. ஆர்மீனியத் தொடர்பை யுர்கிஸ் பால்ட்ருஷைட்டிஸ் 1936இல் ஒரு தனி நூலாகவே ஆராய்ந்தார்.

கொர்தோபாவின் விலாக்கள் நடுப்புள்ளியைத் தவிர்த்து நட்சத்திரம்போல் வெட்டிக்கொள்கின்றன. டர்ஹாமில் விலாக்கள் நடுவில் சந்திக்கின்றன. வடிவக் கணக்கு வேறு, வேலைமுறையும் வேறு. கொர்தோபாவைப் பார்த்த ஒருவர் டர்ஹாமில் வேலை செய்தார் என்று காட்டும் ஆவணமும் இல்லை. ஆனால் பதினொன்றாம் நூற்றாண்டில் நார்மானியர் சிசிலியிலும் தென் இத்தாலியிலும் இஸ்லாமியக் கட்டடங்களோடு நேரடித் தொடர்பு வைத்திருந்தார்கள். நடுக்கூடத்தின் குறுக்கு வளைவுகள் அரைவட்டமாக இல்லாமல் கூர்வளைவாக இருப்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கூர்வளைவு இஸ்லாமிய உலகில் அதற்கு வெகு முன்பே புழக்கத்தில் இருந்தது. நேரடி நகல் என்ற வலுவான கூற்று நிரூபிக்கப்படவில்லை. ஒரு தொடர்பும் இல்லை என்று அடித்துச் சொல்வதற்கும் ஆதாரம் போதாது.

பாரம் தாங்குவது விலாவா?

முதலிடச் சண்டை ஒருபுறம் நடக்க, பொறியாளர்களின் சண்டை இன்னொருபுறம் நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் வியோலே-லெ-டுக் தமது பெரும் அகராதியில் ஒரு தெளிவான படத்தை வரைந்தார். விலாக்களே எலும்பு, இடைப்பரப்பு வெறும் தோல், கூரையின் பாரம் விலாக்கள் வழியே தூணுக்கும் முட்டுச்சுவருக்கும் இறங்குகிறது. இரும்புச் சட்டக் கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்த காலம் அது. இடைக்காலக் கொத்தனார் தம் காலத்துப் பொறியாளரைப்போல் சிந்தித்தவர் என்று காட்டிய அந்த விளக்கம் பலரையும் கவர்ந்ததில் வியப்பில்லை.

1928இல் பொறியாளர் விக்தோர் சபூரே இதை மறுத்தார். விலாக்களின் வேலை அலங்காரம் மட்டுமே என்றார். 1934இல் போல் ஆப்ரஹாம் அந்த வாதத்தை ஒரு நூலாக விரித்தார். முதல் உலகப் போரின் குண்டுவீச்சுக்கு இரையான வட பிரான்சின் ஆலயங்களில், சில இடங்களில் விலா விழுந்தும் இடைப்பரப்பு நின்றது. எலும்பு போனபின்னும் தோல் நிற்குமானால் எலும்பு எதற்கு? அதே போரின் இடிபாடுகளில் இடைப்பரப்பு உதிர்ந்து விலா மட்டும் நின்ற இடங்களும் உண்டு என்று எதிர்த்தரப்பு சுட்டிக்காட்டியது. இரு தரப்புக்கும் தத்தம் இடிபாடு கிடைத்தது.

இந்த இடத்தில் டர்ஹாமின் கிளை மடமான லிண்டிஸ்ஃபார்ன் நினைவுக்கு வர வேண்டும். இந்த விவாதத்தில் அதற்குக் கிடைத்த இடம் குறைவு. டர்ஹாமைப் பார்த்துப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட அந்தச் சிறு ஆலயம் இன்று இடிபாடு. நடுக்கோபுரம் விழுந்துவிட்டது. அதன் அடிக்கூரையும் போய்விட்டது. ஆனால் கூரையின் ஒரு மூலைவிட்ட விலா மட்டும் வெட்டவெளியில் வளைந்து நிற்கிறது. வானவில் வளைவு என்று ஊரார் அதை அழைக்கிறார்கள். டர்ஹாம் மரபில் வந்த ஒரு விலா, தன்னைத் தானே தாங்கி நிற்கும் முழு வளைவு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஆனால் விலா தனியே நிற்கும் என்பதால், முழுக் கூரையின் பாரத்தையும் அதுவே சுமந்தது என்று ஆகிவிடாது.

இந்தக் குழப்பத்தைப் பெருமளவு தெளிவாக்கியவர் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஜாக் ஹேமன். 1966இல் வெளியான அவர் கட்டுரை மூன்று எளிய கொள்கைகளிலிருந்து தொடங்கியது: கல் கட்டுமானம் இழுவிசையைத் தாங்காது, அழுத்தத்தால் அது நொறுங்கும் ஆபத்து நடைமுறையில் இல்லை, கற்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நகர்வதும் இல்லை. இப்படிப்பட்ட கட்டுமானத்தில் பாரம் இறங்கும் பாதை ஒன்றே ஒன்று அல்ல. அடித்தளம் சற்றே அமுங்கினாலும் தூண் ஒரு விரல் சாய்ந்தாலும் பாதை மாறும். விலாவும் இடைப்பரப்பும் நிலைமைக்கேற்பப் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இரண்டு வளைந்த பரப்புகள் சந்திக்கும் மடிப்புக்கோட்டில் விசை குவியும். அந்த இடத்தை விலா வலுப்படுத்துகிறது. இடைப்பரப்பு போதிய தடிமனாக, கற்கள் நன்றாகப் பிணைந்து இருந்தால் விலா இல்லாமலும் கூரை நிற்கும்.

விலா இல்லாமலும் நிற்கும் என்பதற்கு உதாரணம் தேடித் தொலைவு போக வேண்டியதில்லை. ஜெர்மனியின் ஷ்பையர் பேராலயத்தில், டர்ஹாம் கட்டப்பட்ட அதே தலைமுறையில், அதைவிட அகலமான நடுக்கூடத்துக்கு விலா இல்லாத குறுக்கு வளைகூரையே போட்டார்கள். எனவே, கல் கூரை வேண்டும் என்ற தேவை மட்டும் டர்ஹாம் கொத்தனாரை விலாவின் பக்கம் தள்ளியிருக்க முடியாது. வேறு காரணங்கள் இருந்திருக்க வேண்டும்.

சென்ட்ரிங் போட்டவரின் கணக்கு

ஒரு தரப்பு அந்தக் காரணத்தைக் கட்டுமான நடைமுறையில் தேடுகிறது. கல் வளைவு எதற்கும், சாந்து இறுகும் வரை அடியில் மர சென்ட்ரிங் வேண்டும். விலா இல்லாத கூரைக்கு அடிப்பரப்பு முழுவதையும் மரத்தால் நிரப்ப வேண்டும். விலா இருந்தால் முதலில் அதற்கு மட்டும் சட்டம் போட்டு, பிறகு அதையே தாங்கலாகக் கொண்டு இடைப்பரப்பைச் சிறிது சிறிதாக மூடலாம். லொம்பார்டியில் மரத்தட்டுப்பாடே விலாவைப் பிறப்பித்தது என்று போர்ட்டர் 1911இல் எழுதினார். இடைக்காலக் கட்டுமானப் பணிகளை 1961இல் ஆராய்ந்த ஜான் ஃபிட்சனும் சாரம், சென்ட்ரிங் பற்றிய கணக்கையே முன்னிறுத்தினார். மடிப்புக்கோடு நேராக அமைவது கடினம். கோணலான கோட்டை விலா மறைத்துவிடும் என்பது இதோடு ஒட்டிய இன்னொரு காரணம்.

இந்த விளக்கத்துக்கு ஒரு பெரிய பலம் உண்டு: வேலை செய்யும் கையிலிருந்து அது தொடங்குகிறது. டர்ஹாமைப் பொறுத்தவரை சிக்கலும் உண்டு. அங்கே இடைப்பரப்பு ஒழுங்காகச் செதுக்கிய கற்களால் ஆனதல்ல. உடைகற்களைச் சாந்தில் பதித்த தடித்த பரப்பு. அப்படிப்பட்ட பரப்புக்கு, சாந்து இறுகும் வரை அடியில் பலகை தேவைப்பட்டிருக்கும். மாம்ஸ்பரி வில்லியம் என்ற வரலாற்றாசிரியர் சொல்லும் ஓர் அற்புதமும் இங்கே சாட்சிக்கு வருகிறது. 1104இல் புனிதரின் உடலை மாற்றி வைக்கும் நாள் நெருங்கியது. பீடத்துக்கு மேலே புதிய கூரையின் சென்ட்ரிங் இன்னும் பிரிக்கப்படாமல் இருந்தது. ஓர் இரவில் அது தானாகவே சரிந்து விழுந்தது, பீடத்துக்குச் சேதமில்லை. அற்புதம் என்பது துறவியரின் நம்பிக்கை. கட்டட வரலாற்றுக்கு அதில் ஒரு பயன் உண்டு: கிழக்குப் பகுதியில் 1104இல் கல் கூரை இருந்தது என்பதையும், அதன் அடியில் விழா நடக்கும் இடத்தையே அடைக்கும் அளவுக்கு மரவேலை நின்றது என்பதையும் அது உணர்த்துகிறது. மரச் சிக்கனம் நோக்கமாக இருந்திருந்தால் அது பெரிதாகப் பலித்ததாகத் தெரியவில்லை.

கண்ணுக்கும் புனிதருக்கும்

மூன்றாவது தரப்பு கண்ணிலிருந்து தொடங்குகிறது. நார்மானியக் கட்டடக்கலையின் தடித்த சுவர் உத்தியை ஆராய்ந்த ழான் போனியும் அவரைத் தொடர்ந்தவர்களும் விலாவைத் தனியாகப் பார்க்கவில்லை. டர்ஹாமில் தூணோடு ஒட்டிய தண்டு, வளைவின் விளிம்பில் ஓடும் உருட்டு, சுவரில் வெட்டிக்கொள்ளும் வளைவுச் சரம், கூரையின் விலா எல்லாம் ஒரே கோட்டு மொழியின் பகுதிகள். கனத்த சுவருக்குள் கோடுகளை ஓடவிட்டு அதைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கும் ஆசை தரையில் தொடங்கிக் கூரை வரை போகிறது. இந்தப் பார்வை, நேரில் காண்பவருக்கு ஏற்படும் உணர்வோடு மற்ற எதையும்விட அதிகம் ஒத்துப்போகிறது. ஆனால் அதை நிரூபிப்பது கடினம். பிற நார்மானியக் கட்டடங்களிலும் அதே ஆசை இருந்தபோது, விலா ஏன் டர்ஹாமில் இவ்வளவு முழுமையாக வந்தது என்று அது சொல்வதில்லை.

அந்த இடைவெளியை நிரப்ப முயன்றவர்கள் எரிக் ஃபெர்னியும் மால்கம் தர்ல்பியும். தூண்களின் உடலில் செதுக்கிய வடிவங்களிலிருந்து அவர்கள் தொடங்கினார்கள். டர்ஹாமின் பெரிய உருளைத் தூண்களில் கோணல் கோடு, சாய்சதுரம், நெடுக்குப் பள்ளம், சுருள் எனப் பல வடிவங்கள் உண்டு. சுருள் வடிவம் மட்டும் கிழக்குப் பகுதியிலும் குறுக்குக்கூடங்களிலும், அதாவது பீடங்களையும் புனிதரின் கல்லறையையும் சுற்றியே இருக்கிறது. ரோமில் பழைய புனித பேதுரு ஆலயத்தில் அந்தத் திருத்தூதரின் கல்லறையைச் சூழ்ந்து நின்றவையும் சுருள் தூண்களே. டர்ஹாமின் சில அளவுகளும் அந்த ரோமானிய ஆலயத்தை நினைவூட்டுகின்றன என்பது ஃபெர்னியின் வாதம். கிழக்குப் பகுதியின் விலாக் கூரையையும் தர்ல்பி இதே வரிசையில் வைத்தார். அவர் பார்வையில் அது புனிதரின் கல்லறைக்குமேல் விரிந்த கல் விதானம்.

கிடைக்கும் விளக்கங்களில் மடத்தின் நிலைமையை இதுவே மிக நன்றாகப் பற்றிக்கொள்கிறது. பழைய குருமாரை வெளியேற்றிவிட்டு வந்த புதிய துறவியருக்கு, புனித கத்பர்ட்டின் உண்மையான வாரிசுகள் தாங்களே என்று நிலைநாட்ட வேண்டியிருந்தது. வெற்றிபெற்ற நார்மானிய ஆயருக்கும், வடக்கு மக்கள் உயிராகப் போற்றிய ஓர் ஆங்கிலப் புனிதரைத் தம் பக்கம் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது. அதற்கு அதுவரை எவரும் எழுப்பாத ஒரு கல்லறைக்கூடம் தக்க வழி. இருந்தாலும் எச்சரிக்கை தேவை. விலாவை விதானமாகக் கருதினோம் என்று எந்தத் துறவியும் எழுதி வைக்கவில்லை. அதே விலாக்கள் புனிதரின் கல்லறைக்கு வெகு தொலைவில், பக்கக்கூடங்களிலும் நடுக்கூடத்திலும் ஓடுகின்றன. தொடக்கத்தில் பொருளுக்காக வந்த வடிவம் பிறகு பழக்கமாகி எங்கும் பரவியது என்று கொள்ளலாம், அதுவும் ஊகமே.

எது நிலைத்தது, எது நிலைக்கவில்லை

நான்கு தரப்பையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்துவது இப்போது பொருந்தாத வேலை. ஹேமனுக்குப் பிறகு, பாரம் தாங்குவது விலாவா இடைப்பரப்பா என்ற கேள்விக்கு ஒற்றை விடை கேட்க முடியாது. சென்ட்ரிங் கணக்கு விலாவின் வசதியை விளக்குகிறது. டர்ஹாமில் அது ஏன் தோன்றியது என்பதை விளக்கப் போதவில்லை. கண்ணின் வாதமும் கல்லறையின் வாதமும் ஒன்றுக்கொன்று துணையே தவிரப் பகையல்ல.

கால வரிசையில் பில்சனின் சட்டகம் நிற்கிறது. நம்பகமான தேதியுள்ள விலாக் கூரைகளில், இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையவற்றின் வரிசையில் டர்ஹாமின் கிழக்குப் பக்கக்கூடங்கள் முன்னணியில் இருக்கின்றன. நடுக்கூடம் ஒரு படி மேலே போகிறது. அங்கே மூலைவிட்ட விலாக்கள் அரைவட்டமாகவும், குறுக்கு வளைவுகள் கூர்வளைவாகவும் இருக்கின்றன. மூலைவிட்டம் நீளமானதால் அதன் அரைவட்டம் உயரம் கூடும். அதே உயரத்துக்குக் குறுக்கு வளைவையும் ஏற்றக் கூர்வளைவு எளிய வழி. கூரைக்குக் கீழே கண்ணுக்குத் தெரியாமல் நடுக்கூடச் சுவரை முட்டும் கால்வட்ட வளைவுகளும் உண்டு. விலா, கூர்வளைவு, மறைவான தாங்கு வளைவு மூன்றையும் 1133க்குள் ஒரே கட்டடத்தில் சேர்த்த கொத்தனார்கள் பின்னாளைய கோதிக் பாதையின் முக்கியக் கருவிகளைத் தொட்டுவிட்டார்கள். ஆனால் அவர்கள் கட்டியது கோதிக் ஆலயம் அல்ல. சுவர் கனம் குறையவில்லை, கண்ணாடிச் சுவர் எழவில்லை, வெளிச்சம் வந்து நிறையவில்லை. டர்ஹாமைக் கோதிக்கின் பிறப்பிடம் என்று சுற்றுலாக் கையேடுகள் சொல்வது சான்றைத் தாண்டிய பேச்சு.

திறந்தே கிடக்கும் கேள்விகள் மூன்று. கிழக்குப் பகுதியின் தொலைந்த உயர்கூரை எப்படி இருந்தது, அது ஏன் இவ்வளவு விரைவில் விரிசல் விட்டது என்பது முதலாவது. நடுக்கூடத்துக்கு மர விதானம் நினைத்தவர்கள் ஏன் மனம் மாறினார்கள் என்பது இரண்டாவது. பெயர் தெரியாத அந்த முதல் தலைமைக் கொத்தனார் எங்கே தொழில் பயின்றார் என்பது மூன்றாவது. சாந்தின் மாதிரிகளையும் கற்களின் வெட்டு அடையாளங்களையும் பகுதி பகுதியாக ஒப்பிட்டால் முதல் இரண்டுக்கும் ஓரளவு விடை கிடைக்கலாம். மூன்றாவதற்கு விடை இங்கிலாந்துக்கு வெளியேயும் தேடப்பட வேண்டும்.

டர்ஹாமுக்குப் போகும் வாசகர் நடுக்கூடத்தின் பெருமையில் நின்றுவிடாமல், நேராகக் கிழக்குப் பக்கக்கூடங்களுக்குப் போய் அங்கிருந்து பார்க்கத் தொடங்குவது நல்லது. இந்த வழக்கின் மிகப் பழைய சாட்சிகள் அங்கேதான் தலைக்குமேல் இருக்கின்றன.